உயிரணுவின் வாயிலோன்

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பது யாவரும் அறிந்த செய்தி. தாளித்த எண்ணெய் குழம்பின்மேல் மிதப்பதனையும், தெருவிற் சிந்திய எண்ணெய் மழைநீரின்மேல் பல நிறங்காட்டிப் படர்வதனையும் எவரும் கண்டிருப்பர். மக்கள் உடம்பினுள் ஓடும் குருதியோ பெரும்பாலும் நீரே. அந்நீரின் வழியே கொழுப்பினை உறுப்புதோறும் கொண்டு செல்வது எங்ஙனம்? கொண்டு சென்றபின், ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டிய கொழுப்பினைக் குருதியினின்றும் பிரித்தெடுத்துக்கொள்வது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுள் பின்னதற்கு விடை தெரியாதிருந்த காலத்தில், முதியோர்க்கே உரியதென்று கருதப்பட்ட நெஞ்சுநோய் பத்து வயதும் நிரம்பாத குழந்தைகள் சிலரைப் பற்றி வருத்தியது. குழந்தையின் நெஞ்சுக்குழாய் அடைபடுவது ஏன் என்று மருத்துவர்களால் சொல்ல இயலவில்லை. அக்காரணத்தைத் தேடிச் சென்ற இருவர் உயிரணுவின் வாயிலையே கண்டனர்.

கொழுப்பு என்னும் சொல் தமிழ்வழக்கில் நற்பெயர் பெற்றதன்று. செருக்குற்று நடப்பவனைக் 'கொழுப்பெடுத்தவன்' என்று ஏசுவர். ஆயினும் கொழுப்பின்றி உடம்பில்லை. கொழுப்பினத்தைச் சேர்ந்த கொலஸ்டிரால் என்னும் பொருள் இதற்குத் தக்க சான்றாகும். பித்தப்பையில் உண்டாகும் கற்களினின்றும் முதன்முதற் பிரித்தெடுக்கப்பட்டமையால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவ்ரல் என்னும் பிரெஞ்சு வேதியல் அறிஞர், பித்தம், திண்மை என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைக் கூட்டி அதற்குப் பெயரிட்டார். உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வுகளுக்கு உறுதி தருவது அது. உணவிலுள்ள கொழுப்பைச் செரிக்கச் செய்யும் பித்தநீரின் உப்புகளும், உடல் வளர்ச்சியை ஆளும் சுரப்புநீர்கள் பலவும் அதனினின்றே ஆகின்றன. இவ்வளவு இன்றியமையாத பொருள், நீரிற் கரையாத தன்மையால், குருதிக்குழாயின் சுவரிற் படிந்துவிடுமாயின் உயிர்க்கே கேடாக முடிகின்றது.

நீரிற் கரையாப் பொருளை நீரிற் செலுத்துதற்கு உடம்பு கையாளும் வழி வியக்கத்தக்கது. ஈரலில் தொடங்கும் இப்பணியில், கொழுப்புப் பொருள்கள் நுண்ணிய உருண்டைகளாகக் கட்டப்பெறுகின்றன. அவற்றுள் ஈண்டு வேண்டப்படுவது அடர்த்தி குறைந்த கொழுப்புப் புரதம் என்பது. அதனை மருத்துவர் எல்.டி.எல். என்று சுருக்கமாக வழங்குவர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். எல்.டி.எல். உருண்டையின் குறுக்களவு ஏறத்தாழ 22 நானோமீட்டரே. அதன் நடுவே நீரை வெறுக்கும் கொலஸ்டிரால் சேர்மத்தின் மூலக்கூறுகள் சுமார் 1500 திரண்டிருக்கும். அத்திரளைச் சுற்றி, ஒரு முனை நீரை விரும்பவும் மறுமுனை கொழுப்பை விரும்பவும் அமைந்த பாஸ்பரஸ் கொழுப்புகள், நீரை விரும்பும் முனையை வெளிப்புறமாகக் காட்டி அரண்போல் நிற்கும். இவ்வுருண்டையின்மேல் ஒரு நீண்ட கச்சையைப் போல் பி-100 என்னும் புரதமொன்று சுற்றிக் கிடக்கும். 4536 அமினோ அமிலங்கள் தொடுத்த பெருஞ்சங்கிலி அது.

செய்தித்தாள்களில் 'நல்ல கொலஸ்டிரால்', 'தீய கொலஸ்டிரால்' என்று எழுதக் காண்கின்றோம். அது செவ்விய வழக்கன்று. கொலஸ்டிரால் எங்கும் ஒரே பொருளே. அதனை ஏற்றிச் செல்லும் ஊர்திதான் வேறுபடுகின்றது. எல்.டி.எல். என்னும் ஊர்தியும் தன்னளவில் தீயதன்று. அது சரக்கை இறக்க இடமின்றிக் குருதியிலேயே நெடுநாள் சுற்றித் திரிவதே தீங்கு. சரக்கு இறங்க வேண்டிய இடம் எது, அங்கு அதனை ஏற்போர் யாவர் என்பதே பெருவினாவாக நின்றது.

நார்வே நாட்டு மருத்துவர் கார்ல் முல்லர், 1930களின் இறுதியில், சில குடும்பங்களில் குருதிக் கொலஸ்டிரால் மிகுதியும், தசைநாண்களில் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகளும், இளவயது நெஞ்சுநோயும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வருவதனைக் கண்டு எழுதினார். பின்னர் 1964ஆம் ஆண்டு, லெபனான் நாட்டின் பெய்ரூத் நகரில் கச்சதூரியன் என்னும் மருத்துவர், அந்நோய்க்கு இரு நிலைகள் உண்டென்பதனைத் தெளிவாக்கினார். தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதுற்ற மரபணுவைப் பெற்றோர்க்கு எல்.டி.எல். இயல்பினும் இருமடங்கு இருக்கும். இவர்களுக்கு நடுத்தர வயதில், சிலர்க்கு அதற்கும் முன்னரே, நெஞ்சுநோய் தோன்றும். இருவரிடமிருந்தும் அப்பழுதைப் பெற்ற குழந்தைகளுக்கோ அது பிறப்பு முதலே ஆறு முதல் பத்து மடங்கு வரை மிகும். முன்னை நிலையினர் அரியரல்லர். மக்களில் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர் அத்தகையர் என்று இன்று கணக்கிடுகின்றனர். பின்னை நிலையினர் பல இலட்சம் பேருக்கு ஒருவரே. எண்ணிக்கையிற் சிலரேனும், நோயின் உண்மையை உலகுக்குக் காட்டியவர்கள் அச்சிலரே.

மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்டுஸ்டீன் என்னும் இளமருத்துவர் இருவர், 1966ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகர மருத்துவமனையொன்றில் பயிற்சி பெறுங்கால் நண்பராயினர். பின்னர் டெக்ஸாஸ் மாநிலத்து டல்லாஸ் நகர மருத்துவக் கல்லூரியில் ஒன்றுகூடி, 1972 முதல் இந்நோயின் வேரைத் தேடலாயினர். நோயுற்ற குழந்தையின் உடம்பிலே ஆராய்ச்சி நடத்துதல் அறமன்று, இயல்வதும் அன்று. ஆதலின் அவர்கள் தோலினின்று சிறு துண்டு எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களைக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்தனர். நெஞ்சுநோயின் காரணத்தைத் தோலிலே தேடுவதா என்று கேட்போர் கேட்கலாம். மரபணுவின் பழுது உடம்பின் எல்லா உயிரணுக்களிலும் உண்டாதலால், தோலின் உயிரணுவும் உண்மை உரைக்கும் என்பது அவர்தம் துணிபு.

உயிரணு கொலஸ்டிராலைக் குருதியினின்று பெறுதலேயன்றித் தானே ஆக்கிக்கொள்ளவும் வல்லது. அதற்கெனத் தன்னுள் ஒரு நொதியை வைத்துள்ளது. வெளியிலிருந்து எல்.டி.எல். வந்தவண்ணம் இருப்பின், நல்லுடம்பினரின் உயிரணு அந்நொதியின் வேலையை அடக்கிவிடும். எல்.டி.எல். இல்லா நீரில் வளர்த்தால் நொதி பன்மடங்கு பெருகும். கடையிற் சோறு கிடைக்கும்போது அடுப்பை அவிப்பதும், கிடையாதபோது மூட்டுவதும் போன்றது இது. நோயுற்ற குழந்தைகளின் உயிரணுக்களோ, எவ்வளவு எல்.டி.எல். ஊற்றினும் நொதியை அடக்கவில்லை. சூழச் சோறு குவிந்திருக்கவும் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது.

அந்நொதியே பழுதுற்றது போலும் என்று முடிவு கட்டுதல் எளிது. அவ்விருவரும் அவ்வாறு முடிவு கட்டாது மேலும் ஓர் ஆய்வு செய்தனர். உருண்டையாகக் கட்டப்படாத வெறுங் கொலஸ்டிராலைச் சாராயத்திற் கரைத்து உயிரணுக்களின்மேல் ஊற்றினர். அங்ஙனம் கரைந்த கொலஸ்டிரால், வாயிலை நாடாது சவ்வினூடே ஊறி உட்புகும். உடனே இருவகை உயிரணுக்களிலும் நொதி அடங்கியது. ஆகவே நோயுற்ற உயிரணுவின் உள்ளிருக்கும் அடுப்பிலே குற்றமில்லை. சோறு உள்ளே வரவில்லை என்பதே குற்றம். அறிவியல் வரலாற்றில் இத்துணை எளிய ஆய்வினால் இத்துணைப் பெரிய ஐயம் அகன்ற இடங்கள் பல இல்லை.

அடுத்து, எல்.டி.எல். உருண்டைகளில் கதிரியக்க அயோடினைப் பதித்து, அவை எங்கே செல்கின்றன என்று அளந்தனர். நல்லுடம்பினரின் உயிரணுக்கள் அவற்றைத் தம் மேற்பரப்பில் இறுகப் பற்றின. இரு மரபணுவும் பழுதுற்ற குழந்தைகளின் உயிரணுக்கள் பற்றவே இல்லை. உயிரணுவின் மேற்பரப்பிலே எல்.டி.எல்.-ஐ அடையாளங்கண்டு பிடிக்கும் ஒரு புரதம் உண்டென்பதும், அது நோயுற்றோரிடம் இல்லையென்பதும் இங்ஙனம் 1970களின் நடுவில் நிலைபெற்றன. அப்புரதம் ஏற்பி எனப்படும். ஏல் என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல், தன்பால் வந்ததனை ஏற்றுக்கொள்ளும் பொருளுக்கு நன்கு பொருந்துவதாம். எனினும் இதன் தொழிலை நோக்கின், வந்தாரை இன்னாரென அறிந்து, கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்லும் அரண்மனை வாயிலோன் என்றாலும் தகும்.

இவ்வாயிலோனின் உருவத்தைச் சிறிது நோக்குவோம். 839 அமினோ அமிலங்களால் ஆய இப்புரதம் உயிரணுச் சவ்வின் ஊடே குத்தி நிற்கின்றது. அதன் பெரும்பகுதி வெளியே குருதிப்பக்கம் நீண்டிருக்க, 22 அமினோ அமிலங்கள் மட்டும் சவ்வினுள் புதைந்திருக்க, 50 அமினோ அமிலங்கள் கொண்ட குறுவால் உயிரணுவின் உட்புறம் தொங்குகின்றது. வெளிநுனியே எல்.டி.எல்.-ஐப் பற்றும் கை. அக்கையில் ஏழு மடிப்புகள் கோத்தாற்போல் வரிசையாய் உள்ளன. மடிப்பு ஒவ்வொன்றும் சுமார் 40 அமினோ அமிலங்கள் உடையது. மூன்று கந்தகப் பிணைப்புகளால் இறுக்கப்பட்டது. தன்னுள் ஒரு கால்சியத்தைத் தாங்கியது. கால்சியம் நீங்கின் மடிப்பு உருக்குலையும். பற்றும் ஆற்றலும் போய்விடும்.

இனி, பற்றுதல் எவ்வாறு நிகழ்கின்றது? கொழுப்பை ஏற்பி நேரே தொட்டறிவதாக எண்ணுவது தவறு. மேலே சொன்ன பி-100 புரதமே அதற்கு அடையாளம். தபால்காரன் உறைக்குள்ளிருக்கும் கடிதத்தைப் பாராது மேலெழுதிய முகவரியைப் பார்ப்பது போல், ஏற்பியும் உள்ளிருக்கும் கொலஸ்டிராலைப் பாராது புறத்தேயுள்ள புரதத்தைப் பார்க்கின்றது. ஏற்பியின் மடிப்புகளில் எதிர்மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலங்கள் செறிந்துள்ளன. பி-100 புரதத்தின் ஒரு பகுதியில் லைசின், ஆர்ஜினின் என்னும் நேர்மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலங்கள் செறிந்துள்ளன. மாறுபட்ட மின்னேற்றங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்பது இயற்பியலில் முதற்பாடம். தனித்தனியே நோக்கின் அவ்வீர்ப்பு வலியற்றதே. பல மடிப்புகள் ஒருங்கே பற்றும்போது, பல நூல் முறுக்கிய கயிறுபோல் பிடி உறுதியாகின்றது.

இதற்குச் சான்று உண்டு. எல்.டி.எல்.-இன் புரதத்திலுள்ள லைசினையோ ஆர்ஜினினையோ வேதியல் முறையால் மாற்றி, அவற்றின் மின்னேற்றத்தைக் கெடுத்தால், ஏற்பி அவ்வுருண்டையைத் தீண்டுவதில்லை. இயற்கையும் இவ்வாய்வைத் தானே நிகழ்த்திக் காட்டியுள்ளது. சில குடும்பத்தினரின் பி-100 புரதத்தில், 3500ஆம் இடத்தில் இருக்கவேண்டிய ஆர்ஜினினுக்கு மாறாகக் குளூட்டமின் என்னும் மின்னேற்றமற்ற அமிலம் அமைந்துவிடுகின்றது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட மணிகள் கோத்த மாலையில் மாறியது ஒரு மணியே. ஆயினும் அவர்களுடைய எல்.டி.எல். ஏற்பியால் நன்கு பற்றப்படாது குருதியிற் தேங்குகின்றது. பூட்டுப் பழுதுறினும் திறவுகோல் பழுதுறினும் கதவு திறவாது என்பதற்கு இந்நோய்கள் இரண்டும் இணைச்சான்றாவன.

பற்றிய பின் உள்ளே கொண்டுசெல்ல வேண்டுமன்றோ? உயிரணுவின் மேற்பரப்பில் ஆங்காங்கே உட்புறம் ஒருவகை உறைபூண்ட சிறு குழிகள் உண்டு. 1964ஆம் ஆண்டு ராத், போர்ட்டர் என்னும் அறிஞர்கள் கொசுவின் முட்டையணு மஞ்சட்கருவை உட்கொள்வதனை ஆராயும்போது அக்குழிகளை விளக்கி எழுதினர். கொசுவினிடம் கண்டது மனிதனுக்கும் பொருந்தும் என்று அன்று எத்தனை பேர் எண்ணியிருப்பரோ! மேற்பரப்பில் அக்குழிகள் நூற்றுக்கு இரண்டு பங்கே இடங்கொள்வன. ஆனால் எல்.டி.எல். ஏற்பிகளில் பாதிக்கு மேற்பட்டவை அவற்றிலேயே குழுமியுள்ளன. குழி உள்நோக்கி மடிந்து, வாய் குவிந்து, பையாகி, சவ்வினின்றும் அறுபட்டு உயிரணுவினுள் மிதந்து செல்கின்றது.

ஏற்பிகள் அக்குழிகளைத் தேடிச் சேர்வது எதனால் என்பதனை ஒரு நோயாளியின் உயிரணு விளக்கிற்று. அவருடைய உயிரணுக்கள் எல்.டி.எல்.-ஐ நன்கு பற்றின; ஆயினும் உள்ளே இழுக்கவில்லை. கை உண்டு, கால் இல்லை என்றாற்போல் இருந்தது அது. பின்னர் ஆராய்ந்தபோது, உட்புறம் தொங்கும் அக்குறுவாலில் 807ஆம் இடத்துத் தைரோசின் இருக்க வேண்டியவிடத்துச் சிஸ்டீன் இருத்தல் தெரிந்தது. வாலிலுள்ள அவ்வொரு தைரோசினே ஏற்பியைக் குழியிற் சேர்க்கும் கொளுவியாம். ஓரெழுத்து மாறினால் செய்யுளின் பொருளே மாறிவிடுவதனை இலக்கியம் கற்போர் அறிவர். உடம்பின் நூலிலும் அஃது அவ்வாறே.

உள்ளே சென்ற பையில் மெல்ல மெல்லப் புளிப்புத்தன்மை ஏறுகின்றது. ஏறவே ஏற்பியின் பிடி தளர்கின்றது. அது தளரும் வகையை 2002ஆம் ஆண்டு டல்லாஸ் நகரில் ரூடென்கோ, டைசன்ஹோபர் முதலியோர் ஏற்பியைப் படிகமாக்கி ஆராய்ந்து காட்டினர். ஏற்பியின் இடையில் ஆறிதழ் விசிறிபோன்ற ஒரு பகுதி உண்டு. புளிப்பு மிக்க இடத்தில் ஏற்பி வளைந்து, அவ்விசிறியே நான்காம் ஐந்தாம் மடிப்புகளின்மேல் வந்து பொருந்துகின்றது. எல்.டி.எல். இருந்த இடத்தில் ஏற்பியின் உடலே அமர்வதால் எல்.டி.எல். கழன்றுவிடுகின்றது. கழன்ற உருண்டை, செரிக்கும் அறைக்குச் சென்று சிதைந்து தன் கொலஸ்டிராலை ஈகின்றது. ஏற்பியோ வெறுங்கையுடன் மேற்பரப்புக்கு மீள்கின்றது. ஒருமுறை சென்று மீளுதற்கு ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும். சுமார் 20 மணி நேரமே வாழும் ஏற்பி, அவ்வாழ்நாளில் நூற்றுக்கு மேற்பட்ட முறை இங்ஙனம் சென்று மீள்கின்றது.

இக்கண்டுபிடிப்புகளுக்காகப் பிரௌனும் கோல்டுஸ்டீனும் 1985ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு பெற்றனர். அதற்கு முந்திய ஆண்டிலேயே அவர்தம் கொள்கைக்கு உரைகல்லாக ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. உடம்பிலுள்ள எல்.டி.எல். ஏற்பிகளிற் பெரும்பகுதி ஈரலில் உள்ளன. செயல்படும் ஏற்பி இல்லாமையால் நெஞ்சுநோயுற்ற ஆறு வயதுச் சிறுமியொருத்திக்கு, 1984 பிப்ரவரி 14 அன்று, பிட்ஸ்பர்க் நகரில் ஸ்டார்சல் என்னும் அறுவை மருத்துவரும் துணைவரும் மாற்று நெஞ்சோடு மாற்று ஈரலையும் பொருத்தினர். புதிய ஈரலின் ஏற்பிகள் பணிதொடங்கவே, அவள் குருதியின் எல்.டி.எல். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. அச்சிறுமி மேலும் ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1990இல் இறந்தாள்.

எல்லார்க்கும் ஈரல் மாற்றுதல் இயலுவதன்று. ஜப்பான் நாட்டு அகிரா எண்டோ என்பார், பூஞ்சைகள் ஆயிரக்கணக்கானவற்றைச் சோதித்து, கொலஸ்டிராலை ஆக்கும் நொதியைத் தடுக்கும் பொருளொன்றை 1973இல் கண்டார். அவ்வழியில் வந்த ஸ்டாட்டின் என்னும் மருந்துகள் 1987 முதல் வழக்கிற்கு வந்தன. அவை வேலைசெய்யும் நுட்பத்தை மேலைச் செய்திகளால் உணரலாம். உள்ளடுப்பு அவிந்தமையால் பசித்த ஈரலணு, வெளியிலிருந்து பெறுதற்காக வாயிலோர் பலரை மேற்பரப்பில் நிறுத்துகின்றது. அவர்கள் குருதியிலுள்ள எல்.டி.எல்.-ஐ வாரி உள்ளிடுகின்றனர். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இம்மருந்தை உட்கொள்கின்றனர்.

ஏற்பிகளை விரைவில் அழிக்கும் பி.சி.எஸ்.கே.9 என்னும் புரதமொன்று 2003இல் தெரியவந்தது. ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு, அது மேற்பரப்புக்கு மீளவொட்டாது செரிக்கும் அறைக்கே ஈர்த்துச் செல்வது அதன் தொழில். பிறப்பிலேயே அப்புரதம் குன்றியோர்க்கு எல்.டி.எல். குறைந்து நெஞ்சுநோய் மிக அரிதாதலை, கோஹன், ஹாப்ஸ் என்னும் டல்லாஸ் நகர ஆராய்ச்சியாளர் 2006இல் வெளியிட்டனர். அதனைத் தடுக்கும் ஊசிமருந்துகள் 2015இல் இசைவு பெற்றன.

இம்மருந்துகள் யாவும் ஏற்பியைப் பெருக்கவோ காக்கவோ செய்வன. ஏற்பி சிறிதும் இல்லாத குழந்தைகளுக்கு அவற்றால் பயன் அரிது. அவர்களுக்கு வாரந்தோறுமோ இரு வாரத்திற்கொரு முறையோ குருதியை ஒரு பொறியின் வழியே செலுத்தி எல்.டி.எல்.-ஐ வடித்தெடுக்கும் முறை கையாளப்படுகின்றது. 2021ஆம் ஆண்டு, ஏற்பியின் உதவியை நாடாது வேறொரு வழியில் எல்.டி.எல்.-ஐக் குறைக்கும் எவினாகுமாப் என்னும் மருந்துக்கு அமெரிக்க அரசு இசைவளித்தது. இரு மரபணுவும் பழுதுற்றோர்க்கு அதனைச் செலுத்தியபோது எல்.டி.எல். ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.